‘போர்ட் போயிட்டு’ என்று சொல்வதற்கு முன்

(மாவனல்லையில் மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த ஒரு மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மழையிலும் ஹெம்மாதகமையிலிருந்தும் அரநாயக்கவிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். தோட்டத்துப் பிள்ளைகள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று டீச்சர் சொன்னார். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று இரவு வரை நன்றாக ஓடிய டெஸ்க்டொப் கணினி. காலையில் பொத்தானை அழுத்துகிறீர்கள். லைட் இல்லை, சத்தம் இல்லை. பெட்டி கல்லாட்டம் கிடக்கிறது. அப்போது என்ன செய்வது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

இது ஒரு மேடைப் பேச்சுக்குரிய பொருளா என்று சிலருக்குத் தோன்றலாம். நம் பக்கத்து வீடுகளில் அந்தப் பெட்டி எப்படி வந்தது என்று நினைத்துப் பாருங்கள். கட்டாரிலோ சவூதியிலோ வேலை செய்யும் வாப்பா அனுப்பிய காசில் வந்தது. அல்லது அம்மா கொழுந்தெடுத்து, பால்வெட்டி, சீட்டுக் கட்டி எடுத்தது. வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு அது ஒன்றுதான். சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் படிக்கிற பிள்ளைக்குப் பாடசாலையில் கணினியில் கை வைக்கக் கிடைப்பதே வாரத்தில் ஒரு பாடவேளை. வீட்டுப் பெட்டி நின்றுவிட்டால் அந்தப் பிள்ளைக்குப் பயிற்சியும் நின்றுவிடும். பெட்டியைப் பழுது பார்க்கும் கடைக்குத் தூக்கிப் போனால் அரை நிமிடத்தில் தீர்ப்பு வருகிறது: ‘போர்ட் போயிட்டு.’ புது மதர்போர்ட் போட வழியில்லாத வீட்டில் அந்தப் பெட்டி அலுமாரி மேலே ஏறிவிடுகிறது. பிறகு இறங்குவதே இல்லை.

அந்தத் தீர்ப்பைச் சொன்னவர்களில் நானும் ஒருவன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகிற பஸ்ஸுக்காக நம் டவுனில் நிற்கிறீர்கள். பஸ் வரவில்லை. ‘பஸ் ரத்து’ என்று உடனே வீட்டுக்குத் திரும்பிவிடுவீர்களா? கேகாலையில் இருக்கிற மச்சானுக்கு ஒரு கோல் எடுப்பீர்கள். ‘கேகாலையைத் தாண்டிட்டு’ என்றால் தடை கேகாலைக்கும் மாவனல்லைக்கும் இடையில். ‘இங்கேயும் வரல்ல’ என்றால் வரக்காப்பொலையில் விசாரிப்பீர்கள். அங்கேயும் இல்லையென்றால் நிட்டம்புவ. அப்படித்தான் வழியைத் துண்டு துண்டாக்கித் தடை இருக்கிற துண்டைப் பிடிப்போம். மின்சாரமும் வழி நடந்துதான் வருகிறது. சுவரிலிருந்து கோட் வயர், கோடிலிருந்து பவர் சப்ளை, பவர் சப்ளையிலிருந்து மதர்போர்ட். ஒவ்வொரு சந்தியிலும் நின்று ‘இங்கே வந்ததா?’ என்று கேட்க வேண்டும். நிட்டம்புவையில் மரம் விழுந்து கிடக்கும்போது கடுகண்ணாவ மலையில் போய்த் தேடினால் என்ன கிடைக்கும்?

வழியில் இறங்குவதற்கு முன், ‘ஓன் ஆகல்ல’ என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். கடைக்கு வருகிற பத்துப் பேரும் இதே சொல்லைத்தான் சொல்வார்கள். ஆனால் ஒருவருடைய பெட்டியில் ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, திரை மட்டும் கறுப்பு. அதற்குள் மின்சாரம் போய்விட்டது. அங்கே ரேமையும் மொனிட்டர் கேபிளையும் பார்க்க வேண்டும். இன்னொருவருடையது ஒரு வினாடி சுற்றிவிட்டு நிற்கிறது. அது உள்ளே எங்கோ ஷோர்ட் இருப்பதைக் கண்டு பவர் சப்ளை தன்னைத் தானே நிறுத்திக்கொள்வதாக இருக்கலாம். மூன்றாமவருடையது மூச்சே விடவில்லை. மூன்றும் வேறு வேறு நோய்கள். கண்ணால் கண்டதை, காதால் கேட்டதை அப்படியே சொல்லப் பழகுங்கள் பிள்ளைகளே. ‘வேலை செய்யல்ல’ என்று சொல்லாதீர்கள். ‘ஃபேன் ஒரு தரம் அசைந்து நின்றது’ என்று சொல்லுங்கள். அந்த ஒரு வசனம் ஒரு மணி நேர வேலையை மிச்சப்படுத்தும்.

சரி, சுவர். பிளக் பொயின்டில் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்க எல்லோரும் ஃபோன் சார்ஜரைத்தான் சொருகிப் பார்க்கிறார்கள். அது சரியான சாட்சி அல்ல. பெரும்பாலான சார்ஜர்கள் 100 வோல்டிலேயே வேலை செய்யும், இழுக்கிற கரண்டும் மிகச் சிறிது. பொயின்டுக்குள் வயர் தளர்ந்து கிடந்தாலும் சார்ஜர் பிழைத்துக்கொள்ளும், கணினி பிழைக்காது. ஸ்திரிக்கைப் பெட்டியை மாட்டிப் பாருங்கள். சூடாகிறதென்றால் பொயின்ட் நல்லது. லயன் வீடுகளில் மாலை 6 மணிக்கு மேல் குண்டு பல்ப் மங்கி எரிவதைப் பார்த்திருப்பீர்கள். வோல்டேஜ் இறங்கிப்போகிற அந்த நேரத்தில், 200 முதல் 240 வோல்ட் வரை மட்டும் தாங்கும் பழைய பவர் சப்ளை கிளம்ப மறுக்கலாம். காலையில் ஓடி மாலையில் ஓடாத கணினியைப் பழுது என்று சொல்லாதீர்கள்.

அடுத்தது பிளக். நாட்டின் பொது நியமமாக அறிவிக்கப்பட்ட 13 அம்பியர் சதுர முனைப் பிளக்கின் வயிற்றுக்குள் ஒரு சின்ன ஃபியூஸ் இருக்கிறது. இது பலருக்குத் தெரியாது. பொயின்டிலிருந்து கழற்றி, ஃபியூஸை நெம்பி எடுத்து, நல்ல ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். கணினிக்கு 5 அம்பியர் போதும். ஃபியூஸுக்குப் பதிலாக சிகரட் தாள் சுற்றியிருப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், வீடு எரியும். உருண்டை முனைப் பிளக்கைச் சதுரப் பொயின்டில் மாட்டுகிற அடாப்டர்களும் நாளாக நாளாகத் தளர்ந்துவிடும். பிறகு கோட். பெரும்பாலும் மொனிட்டருக்கும் கணினிக்கும் ஒரே மாதிரிக் கோட்தான். இரண்டையும் மாற்றி மாட்டினால் காசு செலவில்லாத ஒரு பரிசோதனை முடிந்துவிட்டது.

இடையில் ஒரு யூபிஎஸ் இருந்தால் அதை விலக்கிவிட்டு, கணினியை நேரே சுவரில் மாட்டிப் பாருங்கள். 2022ஆம் ஆண்டை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மார்ச் 31ஆம் திகதி 13 மணி நேரம் கரண்ட் கட். யூபிஎஸ்ஸுக்குள் இருப்பது ஈய அமில பெட்டரி. அதை நாள்தோறும் அடிவரை வற்றவிட்டால் வருடக்கணக்கில் உழைக்க வேண்டியது மாதங்களில் போய்விடும். அந்த வருடத்துக்குப் பிறகு என்னிடம் ‘செத்துப்போய்’ வந்த கணினிகளில் பல நல்ல சுகத்தோடு இருந்தன. இறந்தது யூபிஎஸ்ஸின் பெட்டரி. அந்தப் பிள்ளைகள் கணினியைச் சுமந்து வந்தார்கள், யூபிஎஸ்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார்கள். என் மேசையில் பொத்தானை அழுத்தியதும் அது எழும்பியபோது அவர்கள் முகத்தில் வந்த வெளிச்சம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இனிப் பெட்டியின் பின்புறம். பவர் சப்ளையில் ஒரு கறுப்புச் சுவிட்ச் இருக்கும், ஒரு பக்கம் கோடு, மறுபக்கம் வட்டம். கோட்டுப் பக்கம் அமுங்கியிருக்க வேண்டும். வீடு கூட்டும்போது துடைப்பம் பட்டு மாறிவிடுகிற சுவிட்ச் இது. சில பழைய பெட்டிகளில் பக்கத்தில் சிவப்பாக இன்னொன்று இருக்கும், 115, 230 என்று எழுதியிருக்கும். அதை விளையாட்டுக்கும் தொடாதீர்கள். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். 115இல் வைத்து மாட்டினால் வெடிச் சத்தம்தான் பதில். அமெரிக்காவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ பாவித்த கணினி யாராவது அனுப்பினால், மாட்டுவதற்கு முன் இந்தச் சிவப்புச் சுவிட்சைப் பாருங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் அசையவில்லையா? கோடைக் கழற்றுங்கள். கழற்றிய பிறகு முன்பொத்தானை 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். மறுபடி மாட்டுங்கள். மந்திரம் மாதிரித் தெரியும், ஆனால் காரணம் இருக்கிறது. கரண்ட் விட்டு விட்டு வரும்போது பவர் சப்ளையின் பாதுகாப்புச் சுற்று பூட்டிக்கொள்ளும். உள்ளே கெபசிட்டர்களில் தேங்கிய மின்சாரம் வடிந்தால்தான் அந்தப் பூட்டுத் திறக்கும்.

இப்போது நான் சொல்லப் போவதை மாணவர்கள் கவனமாகக் கேளுங்கள். இதைப் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் தானாகப் புரியும்.

1995க்கு முந்திய கணினிகளில் முன்பொத்தான் உண்மையான மின் சுவிட்ச். அழுத்தினால் சுவர்க் கரண்டே வெட்டுப்படும். அந்த ஆண்டு இன்டெல் நிறுவனம் ஏடிஎக்ஸ் என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு நம் பொத்தான் வெறும் விண்ணப்பம். அது இரண்டு ஊசிகளை ஒரு கணம் தொட வைக்கிறது, அவ்வளவுதான். அந்தத் தொடுகையைக் கண்டு மதர்போர்ட் பவர் சப்ளையிலிருந்து வருகிற பச்சைக் கம்பியைக் கறுப்புக் கம்பியோடு, அதாவது பூச்சியத்தோடு, இணைக்கிறது. அந்தச் சைகை கிடைத்ததும் பவர் சப்ளை விழித்து 3.3, 5, 12 வோல்ட்களைத் தருகிறது. மூன்றும் நிலைக்கு வந்த பிறகு, அரை வினாடிக்குள், சாம்பல் கம்பி வழியாக ‘எல்லாம் சரி’ என்று மதர்போர்டுக்குச் சொல்கிறது. அதன் பிறகுதான் பிரதான சிப் தன் வேலையைத் தொடங்குகிறது.

அப்படியானால் ஒரு கேள்வி வரும். பொத்தானை அழுத்துவதற்கு முன்பே மதர்போர்ட் எப்படி விழித்திருக்கிறது? ஊதாக் கம்பியால். சுவரில் மாட்டியிருக்கும் வரை, கணினியை நீங்கள் அணைத்த பிறகும், ஊதாக் கம்பியில் 5 வோல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். ‘ஓஃப்’ ஆன கணினி முழுவதும் ஓஃப் ஆகவில்லை.

இதை நான் படித்த இடம் புத்தகம் அல்ல, 2016 மே மாதம். மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து சிரிபுர, பல்லேபாகே, எலங்கபிட்டிய கிராமங்களை மூடியது. அதைப் பற்றி இந்த மண்டபத்தில் யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. அதே நாட்களில் மகா ஓயா பெருகி நம் டவுனுக்குள் வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு கணினிகள் வந்தன, சேறோடு. ஒரே மாதிரி நனைந்த பெட்டிகளில் சில பிழைத்தன, சில பிழைக்கவில்லை. பிழைக்காதவற்றைத் திறந்தால் செம்புத் தடங்கள் பச்சை பூத்து அரித்துப்போயிருந்தன. சொந்தக்காரர்களிடம் கேட்டேன். அவற்றில் பல, தண்ணீர் வரும்போது சுவரில் மாட்டியபடியே இருந்தவை. ஊதாக் கம்பியின் 5 வோல்ட் சேற்று நீருக்குள் ஓடினால் அது உலோகத்தைக் கரைத்துவிடும். கழற்றி வைத்திருந்தவற்றில் சேறு மட்டும்தான். நல்ல தண்ணீரில் போர்டைக் கழுவி, ஐசோபுரொபைல் அல்கஹோல் தடவி, நாட்கணக்கில் காயவிட்டால் எழும்பின. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மகா ஓயா மறுபடியும் கரை மீறியது. இனியும் மீறும். ஆறு ஏறுகிறது என்று கேள்விப்பட்டால் முதலில் பிளக்கைக் கழற்றுங்கள், பிறகு பெட்டியை உயரத்தில் ஏற்றுங்கள். தண்ணீர் பொயின்ட் வரை வந்துவிட்டால் கை வைக்காதீர்கள். உயிருக்குப் பிறகுதான் கணினி. நனைந்த பெட்டியை ‘சும்மா ஒருக்கா பாப்பம்’ என்று ஓன் செய்துவிடாதீர்கள். கழுவினால் பிழைத்திருக்கும் பெட்டியும் அந்த ஒரு தரத்தில் முடிந்துவிடும்.

இப்போது நான் சொல்ல வேண்டிய என் கதை.

பல வருடங்களுக்கு முன் அரநாயக்கப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றிலிருந்து ஓர் ஐயா வந்தார். பெட்டியைச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்து வந்தார். மகள் உயர்தரம் படிக்கிறாள் என்றார். நான் சுவர் பார்த்தேன், கோட் பார்த்தேன், பவர் சப்ளையை மாற்றிப் போட்டேன். அசையவில்லை. அன்று வேலை அதிகம். ‘ஐயா, போர்ட் போயிட்டு’ என்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. சாக்கைச் சுற்றி மறுபடி தோளில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். ஐந்தாறு மாதத்துக்குப் பிறகு, ரேம் எடுக்கலாம் என்று அதே பெட்டியை எனக்கு விற்க வந்தார். அவர் போன பிறகு ஓய்வாகத் திறந்தேன். முன்பொத்தானின் பிளாஸ்டிக் நாக்கு உடைந்து உள்ளே விழுந்திருந்தது. பொத்தானை அழுத்தினால் அது எதையும் தொடவில்லை. போர்டின் ஓரத்தில் பொத்தான் வயர் வந்து சேரும் இரண்டு ஊசிகளையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொட வைத்தேன். கணினி எழும்பியது.

அன்றே பெட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். அந்தப் பிள்ளை பரீட்சை எழுதி முடித்திருந்தாள். நான் போய்ச் சேர்ந்தது காலம் கடந்த பிறகு. அதனால்தான் ஊர் ஊராக இதைப் பேசுகிறேன். போர்ட் போகவில்லை. கடைசிச் சந்தியில் நான் விசாரிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே மாணவர்களே, அந்த இரண்டு ஊசிகளை மறக்காதீர்கள். அதற்கும் எழும்பவில்லை என்றால் பவர் சப்ளையைத் தனியாகச் சோதிக்கலாம். சுவரிலிருந்து கழற்றி, 24 துளையுள்ள பெரிய இணைப்பைப் போர்டிலிருந்து பிடுங்கி, பச்சைத் துளைக்கும் ஒரு கறுப்புத் துளைக்கும் இடையே வளைத்த கடதாசிக் கிளிப்பைச் செருகிய பிறகுதான் கோடை மாட்ட வேண்டும். போர்ட் செய்கிற சைகையை இங்கே நாமே செய்கிறோம். ஃபேன் சுற்றினால் பவர் சப்ளைக்கு உயிர் இருக்கிறது; ஆனால் சூடேறும் வரை ஃபேன் சுற்றாத வகைகளும் உண்டு, அதனால் மீட்டரால் அளப்பதே உறுதி. 12 வோல்ட் கம்பியில் 11.4க்கும் 12.6க்கும் இடையில் காட்ட வேண்டும். இதைச் செய்யும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். பவர் சப்ளைப் பெட்டியின் மூடியை மட்டும் யாரும் திறக்க வேண்டாம். அதற்குள் 300 வோல்டுக்கு மேல் தேங்கிய கெபசிட்டர் இருக்கிறது, கோடைக் கழற்றிய பிறகும் அது அடிக்கும்.

பவர் சப்ளை நல்லதென்றால் போர்டில் தேவையற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, சிப், ஒரு ரேம், இவ்வளவோடு மட்டும் பாருங்கள். சிப்புக்குப் பக்கத்தில் 4 அல்லது 8 துளையுள்ள தனி 12 வோல்ட் இணைப்பு ஒன்று உண்டு, அது முழுதாக உட்கார்ந்திருக்கிறதா? ரேமைக் கழற்றி, பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து மறுபடி மாட்டுங்கள். நம் சப்ரகமுவ ஈரத்தில் அந்தப் பற்கள் சீக்கிரம் மங்கும். நாணயம் போன்ற 3 வோல்ட் பெட்டரியைப் பாருங்கள். ஒரு தரம் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றி, கணினி எழும்பிவிட்டால் எது பழுது என்று உங்களுக்குத் தெரியாது. நல்ல இரண்டு சாமான்களுக்கும் காசு கொடுத்திருப்பீர்கள்.

போர்டில் சின்னத் தகர டப்பா போல நிற்கும் கெபசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். வீங்கியோ பழுப்புச் சாறு கசிந்தோ இருந்தால் நோய் அதுதான். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலகம் முழுவதும் இப்படி ஏராளமான கணினிகள் விழுந்தன. கெபசிட்டருக்குள் ஊற்றிய திரவத்தின் சேர்மானம் பிழை. அது அலுமினியத்தோடு சேர்ந்து வாயுவை உண்டாக்கி உள்ளிருந்தே வீங்க வைத்தது. இன்றும் பழைய போர்ட்களில் வெப்பத்தால் வீங்குகிறது. ஈயம் வைக்கத் தெரிந்த ஒருவர் நாலைந்து கெபசிட்டரை மாற்றினால் போர்ட் மறுபடி எழும்பலாம். ‘போர்ட் போயிட்டு’ என்று கைவிடப்பட்டவற்றில் இந்த வகையும் நிறைய. பவர் சப்ளைக்குள் பல்லி புகுந்து கருகிக் கிடப்பதும் நம் ஊரில் சாதாரணம். பின்பக்கத்து வெற்றுத் துளைகளைத் தகரத் தட்டால் மூடி வையுங்கள்.

பெற்றோருக்கு இரண்டு விஷயம். பெட்டியின் இரும்பைத் தொட்டால் சுருக்கென்று கை கூசுகிறதா? அது கணினியின் குற்றம் அல்ல. பவர் சப்ளைக்குள் இருக்கும் வடிகட்டி, கசிவை எர்த் வழியாக நிலத்துக்கு அனுப்ப வேண்டும். உங்கள் பொயின்டில் எர்த் இல்லை, அதனால் கசிவு பெட்டியில் நிற்கிறது. பழைய லயன்களில் இதை நிறையக் காண்கிறேன். இன்று கை கூசுகிற வீட்டில் நாளை ஸ்திரிக்கைப் பெட்டி பழுதானால் உயிர் போகலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தையும் ட்ரிப் சுவிட்சையும் பார்க்கச் சொல்லுங்கள், கணினியைப் பிறகு பார்க்கலாம்.

மற்றது இடி. ஏப்ரலில் பின்னேரம் மலைக்கு மேல் கறுக்கும்போது சுவிட்சை ஓஃப் செய்வது போதாது, பிளக்கைக் கையால் இழுத்து வெளியே வையுங்கள். இன்டர்நெட் வயரையும் கழற்றுங்கள். டெலிபோன் லைன் வழியாக வந்த மின்னலில் பவர் சப்ளை தப்பி, போர்ட் மட்டும் கருகிய பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன். அப்படி வந்தால் அது உண்மையாகவே ‘போர்ட் போயிட்டு’தான். அதையும் நான் மறைக்கவில்லை.

கடைக்குப் போக வேண்டி வந்தால் போங்கள். அங்கே இருக்கிற தம்பிமாரில் நல்ல கைகாரர்கள் பலர் உண்டு. ஆனால் ‘போர்ட் போயிட்டு’ என்று கேட்டதும் சாக்கைச் சுற்றாதீர்கள். ‘தம்பி, ரெண்டு ஊசியையும் தொட்டுப் பார்த்தீங்களா? வேறு பவர் சப்ளை போட்டுப் பார்த்தீங்களா? கெபசிட்டரைக் காட்டுங்க’ என்று கேளுங்கள். அந்த ஐயா அன்று என்னிடம் கேட்டிருந்தால் நான் பார்த்திருப்பேன். கேட்க அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

உங்கள் அலுமாரி மேலே அப்படி ஒரு பெட்டி இருந்தால் வருகிற சனிக்கிழமை காலை 9 மணிக்கு இந்த மண்டபத்துக்குத் தூக்கி வாருங்கள். பிள்ளைகளே திறந்து பார்க்கட்டும், நான் பக்கத்தில் நிற்கிறேன். காசு வேண்டாம். கோடையும், யூபிஎஸ் இருந்தால் அதையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள்.